கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி: கட்டடம், முற்றம், வரலாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பிரிட்ஜில் குடியிருப்பவர்களுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. ஊரிலிருந்து வரும் விருந்தினரை டிரினிட்டி கல்லூரிக்கு அழைத்துப்போய்க் காட்டுவதுதான் அது. "ராமானுஜன் இருந்த இடம்" என்று சொன்னால் போதும், முழங்கால் வலி என்று உட்கார்ந்திருந்த பெரியப்பாவும் செருப்பைத் தேடுவார். ஆண்டுக்கணக்கில் ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். வருவதற்கு முன் படித்துவிட்டு வந்தால் வழியில் வேறு விஷயம் பேசலாம்.

இது கல்லூரியா, பல்கலைக்கழகமா, விடுதியா?

நம் ஊர் வழக்கப்படி பார்த்தால் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. விரிவுரை, தேர்வு, பட்டம் ஆகியவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மாணவரைத் தேர்ந்தெடுப்பது, அறை கொடுப்பது, சோறு போடுவது, ஒருவரையோ இருவரையோ எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்துவது கல்லூரியின் பொறுப்பு. இந்தத் தனிப்பாடத்துக்கு இங்கே 'சூப்பர்விஷன்' என்று பெயர். டிரினிட்டியில் இளநிலை மாணவர்கள் மட்டும் சுமார் 700 பேர். வார்டன் விசிலடித்து விளக்கணைக்கும் விடுதி என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியர்களும் இங்கேதான் சாப்பிடுவார்கள், சிலர் இங்கேயே குடியிருப்பார்கள். 'ஃபெல்லோ' எனப்படும் அந்த ஆசிரியர்களும் ஆய்வாளர்களும்தான் கல்லூரியின் நிர்வாகமும்கூட.

என் மகள் பியானோ தேர்வு எழுதிய டிரினிட்டி இதுதானா?

இல்லை. அது லண்டன் டிரினிட்டி. டப்ளின், ஆக்ஸ்போர்டு, கண்டி ஆகிய ஊர்களில் இருக்கும் டிரினிட்டிகளும் வேறு வேறு. கிறித்தவத் திரித்துவத்தின் பெயர் அது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் ஹென்றி கட்டியது என்கிறார்களே?

கட்டினார் என்பதைவிட, இருந்தவற்றைச் சேர்த்துக் கட்டினார் என்பதே சரி. 1546 டிசம்பரில் கல்லூரிக்கு ஆணை கொடுத்தார். அடுத்த மாதமே இறந்துபோனார். மடங்களின் சொத்துகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அடுத்தது நம் முறை என்று கல்லூரிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அரசி கேத்தரின் பார் எடுத்துச் சொன்னதால் மன்னர் மனம் இரங்கினார் என்பார்கள். இரங்கிய மனம் இரண்டு பழைய கல்லூரிகளை ஒன்றாக்கியது. ஒன்று, இரண்டாம் எட்வர்டு 1317-இல் அனுப்பிவைத்த மாணவர்களிலிருந்து தொடங்கி, மூன்றாம் எட்வர்டு 1337-இல் நிலைபெறச் செய்த கிங்ஸ் ஹால். மற்றொன்று 1324-இல் தோன்றிய மைக்கேல்ஹவுஸ். பக்கத்தில் இருந்த சில சிறு விடுதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆக, கல்லூரி பிறந்த நாளிலேயே அதன் கட்டடங்களில் பல நூறாண்டு கடந்தவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உள்ளே பார்ப்பது பாதி புரிந்துவிடும். பார்வைக்கு ஒரே மூச்சில் எழுப்பியதுபோல் கம்பீரமாக நிற்கும் இந்த இடம், உண்மையில் நகர்த்தியும் இடித்தும் ஒட்டுப்போட்டும் சேர்த்தது. ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் எனக்கு இங்கே பிடித்த விளையாட்டு.

வாசல் கோபுரத்தில் ராஜா கையில் என்ன வைத்திருக்கிறார்?

நாற்காலிக் கால். செங்கோல் இருக்கவேண்டிய கையில் யாரோ மாணவர்கள் அதைச் செருகிவிட்டார்கள். கல்லூரியும் அப்படியே விட்டுவிட்டது. ஒருமுறை அதையும் எடுத்துவிட்டு சைக்கிள் பம்பை வைத்ததாகச் சொல்வார்கள். எட்டாம் ஹென்றியை இத்தனை எளிதாகக் கேலி செய்ய அவர் காலத்தில் யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும்!

'கிரேட் கேட்' என்ற அந்த வாசல் 1535-இல் முடிந்தது, அதாவது டிரினிட்டி பிறப்பதற்கு முன்பே. அது கிங்ஸ் ஹாலின் வாசல். ஹென்றிக்குக் கீழே வரிசையாக இருக்கும் கேடயங்கள் மூன்றாம் எட்வர்டுடையதும் அவருடைய ஆறு மகன்களுடையதும். அவற்றில் ஒன்று மட்டும் சின்னம் எதுவுமின்றி வெறுமையாக இருக்கும். குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோன ஹாட்ஃபீல்டின் வில்லியமுக்கு உரியது அது. எல்லாரும் நாற்காலிக் காலைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வெற்றுக் கேடயத்தை நான் கைகாட்டினால்தான் பார்க்கிறார்கள்.

உள்ளே இருக்கும் பெரிய முற்றம் சதுரமா?

சதுரம்போல் தெரியும், ஆனால் சதுரம் அல்ல. நான்கு பக்கமும் நான்கு நீளம். 'கிரேட் கோர்ட்' என்ற இந்த முற்றம் சுமார் இரண்டு ஏக்கர். இதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் நெவில். 1593 முதல் 1615 வரை கல்லூரியின் தலைவர் இவர். 'மாஸ்டர்' என்பது பதவிப் பெயர். அவர் பொறுப்பேற்றபோது இந்த இடத்தில் பழைய கட்டடங்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. வழியில் இருந்தவற்றை இடித்தார், இடைவெளிகளை அடைத்தார்.

அவருக்குத் தடையாக நின்றதில் பெரியது ஒரு மணிக்கூண்டு வாசல். கிங்ஸ் ஹாலுக்காகப் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கோபுரம், நெவில் மனத்தில் வரைந்திருந்த முற்றத்துக்குள் துருத்திக்கொண்டு நின்றது. இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். அவரோ கோபுரத்தைப் பிரித்து, ஏறத்தாழ 20 மீட்டர் பின்னுக்குக் கொண்டுபோய், தேவாலயத்தின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல மறுபடி எழுப்பினார். இப்போது முற்றத்தில் சூரியக் கடிகாரம் நிற்கிறதே, பழைய கோபுரம் இருந்தது அந்தப் பக்கம்தான். தேவாலயத்தையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை அல்ல என்பது உடனே தெரியும். நம் பெரிய கோயில்களில் ஒரு மன்னர் எழுப்பிய மண்டபத்துக்கும் அடுத்தவர் எழுப்பிய மதிலுக்கும் இடையே ஒரு சந்து விழுமே, கிட்டத்தட்ட அந்த உணர்வு.

மணி ஏன் இரண்டிரண்டு தடவை அடிக்கிறது?

பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு தாழ்ந்த ஒலி, பிறகு பன்னிரண்டு உயர்ந்த ஒலி; ஆக 24. இதற்குக் காரணம் 1700 முதல் 1742 வரை மாஸ்டராக இருந்த ரிச்சர்டு பென்ட்லி காலத்தில் வைத்த கடிகாரம் என்பார்கள். பென்ட்லி மகா பண்டிதர், மகா சண்டைக்காரர். ஃபெல்லோக்களுடன் அவர் நடத்திய வழக்குகளைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். அவர் மாணவராக இருந்தது அடுத்த வீடான செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில். அதனால் முதல் அடி டிரினிட்டிக்கு, இரண்டாவது அடி செயின்ட் ஜான்ஸுக்கு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இப்போதைய இயந்திரம் 1910-இல் வந்தது. ஊசல் கடிகாரம்தான், ஆனாலும் மாதத்துக்கு ஒரு விநாடிகூடப் பிசகுவதில்லை.

மணி அடித்து முடிப்பதற்குள் முற்றத்தைச் சுற்றி ஓடுவார்களாமே?

ஓடுவார்கள். நண்பகல் மணியின் இரண்டு பன்னிரண்டும் அடித்து முடிய 43 முதல் 44 விநாடிகள் ஆகும். முற்றத்தின் சுற்றளவோ 350 மீட்டருக்கு அருகில். நான்கு மூலையிலும் திரும்பவேண்டும், காலடியில் இருப்பது ஓடுதளம் அல்ல, கல் பாவிய தரை. 1927-இல் லார்டு பர்லி ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் தங்கமும் வாங்கினார். 1988-இல் செபாஸ்டியன் கோவும் ஸ்டீவ் கிராமும் ஒரு நற்பணி நிதிக்காக இங்கே ஓடினார்கள், கோ முந்தினார். இந்த ஓட்டத்தைக் காட்டும் புகழ்பெற்ற ஆங்கிலப் படக் காட்சியை எடுத்தது மட்டும் இங்கே இல்லை, ஈட்டன் பள்ளியில். படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முற்றத்தை அடையாளம் தெரியாமல் விழிப்பது அதனால்தான்.

நடுவில் இருக்கும் நீரூற்று அழகுக்கா?

இன்றைக்கு அழகுக்கு. கட்டியபோது குடிநீருக்கும் குளியலுக்கும். நெவில் காலத்தில், 1601-ஐ ஒட்டி எழுப்பினார்கள். 1715-16இல் மறுபடி கட்டினார்கள். அதற்கு வரும் தண்ணீரின் கதை கல்லூரியைவிடப் பழையது. ஊருக்கு மேற்கே இருக்கும் ஓர் ஊற்றிலிருந்து பிரான்சிஸ்கன் துறவிகள் 1325-இல் தங்கள் மடத்துக்குக் குழாய் போட்டார்கள். மடம் போனது, குழாய் டிரினிட்டிக்கு வந்தது.

புல்லில் ஏன் நடக்கக் கூடாது?

வந்தவர்கள் எல்லாரும் கேட்பது, குழந்தைகள் இரண்டு தடவை கேட்பது. முற்றத்துப் புல்தரையில் கால் வைக்கும் உரிமை ஃபெல்லோக்களுக்கு மட்டுமே. மாணவரானாலும் நோபல் பரிசு வாங்கிய விருந்தாளியானாலும் ஃபெல்லோ துணையில்லாமல் கல் பாதையில் சுற்றித்தான் போகவேண்டும். தொப்பி வைத்த காவலர்கள் கண்ணில் பட்டால் அங்கிருந்தே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு 'போர்ட்டர்' என்று பெயர். எழும்பூர் ஸ்டேஷனை நினைத்துக்கொண்டு பெட்டியை நீட்டிவிடாதீர்கள். கல்லூரியின் வாசலும் சாவியும் தபாலும் அவர்கள் கையில்.

இந்த விதியைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. 1918 அக்டோபரில் ராமானுஜனை டிரினிட்டி ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். முந்தைய ஆண்டு அதே முயற்சி தோற்றிருந்தது. அந்த நாளிலிருந்து இந்தப் புல்லில் குறுக்கே நடக்கும் உரிமை அவருக்கு வந்தது. அப்போது அவர் கேம்பிரிட்ஜில் இல்லை. நோயுடன் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். 1919-இல் கப்பலேறிச் சென்னை திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி இறந்தார்.

ராமானுஜன் இங்கே எந்த அறையில் இருந்தார்?

1914 ஏப்ரலில் வந்து இறங்கியவர், முதல் சில வாரங்கள் கணித அறிஞர் நெவில் வீட்டில் தங்கினார். (மேலே வந்த மாஸ்டர் நெவில் முந்நூறு ஆண்டுக்கு முந்தியவர்.) பிறகு டிரினிட்டியின் ஹூவெல்ஸ் கோர்ட்டுக்கு வந்தார். கிரேட் கேட்டிலிருந்து வெளியே வந்து, தெருவைக் கடந்தால் எதிர்ச்சாரியில் இருப்பது. வில்லியம் ஹூவெல் என்ற மாஸ்டர் கொடுத்த கொடையில், ஆன்டனி சால்வின் என்ற கட்டடக் கலைஞர் 1860களில் கட்டி முடித்தது. ஆங்கிலத்தில் விஞ்ஞானியைக் குறிக்கும் 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கியவர் இந்த ஹூவெல்தான். தத்துவவாதி விட்கென்ஸ்டைன் பின்னாளில் குடியிருந்ததும் இதே கட்டடத்தின் உச்சியில்.

இங்கே அறைகள் நடைக்கூடத்தில் வரிசையாக இருக்காது. ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒரு வாசல், ஓர் எழுத்து. படியேறினால் தளத்துக்கு இரண்டு மூன்று அறைகள். கீழே பலகையில் பெயர்கள் எழுதியிருக்கும். தனியாக இருக்க விரும்பும் ஒருவரை யாரும் தொந்தரவு செய்யாத ஏற்பாடு. துணை வேண்டியவருக்கு அதுவே தண்டனை.

கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ், ராமானுஜனைப் பார்க்க வந்தபோது நடந்த இரண்டு சம்பவங்களைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒன்று: இரவில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். படுக்கையைப் போய்ப் பார்த்தால் கம்பளிகள் மெத்தைக்கடியில் கச்சிதமாகச் செருகியபடியே இருந்தன. அவற்றை உருவி, உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பாயை விரித்துப் போர்வையை மேலே இழுத்துக்கொள்ளும் வீட்டிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று 1914 இறுதியில். ராமானுஜன் கேஸ் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசித்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று இலக்கம். நண்பர் குடியிருக்கும் வீட்டுக்கு இடப்பக்க இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். மகலனோபிஸ் சிறிது நேரம் முயன்று விடை கண்டிருந்தார்: 288 வீடுகளில் 204-ஆவது. கரண்டியைக் கீழே வைக்காமலே ராமானுஜன், "எழுதிக்கொள்ளுங்கள்" என்று, பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். இந்தத் தெருவுக்கு மட்டுமல்ல, எந்த நீளத் தெருவுக்குமான விடைகள் அதில் வரிசையாக இருந்தன.

சைவச் சாப்பாட்டுக்காக அவர் கல்லூரி உணவு மண்டபத்தைத் தவிர்த்து அறையிலேயே சமைத்துக்கொண்டார். பின்னர் பிஷப்ஸ் ஹாஸ்டல் என்ற சிறு கட்டடத்துக்கு மாறினார். லிச்ஃபீல்டு பிஷப் ஜான் ஹாக்கெட் கொடுத்த பணத்தில் 1670-ஐ ஒட்டிக் கட்டிய செங்கல் கட்டடம் அது. பெரிய முற்றத்தின் ஆடம்பரம் எதுவும் இல்லாத அடக்கமான வீடு. எனக்கு டிரினிட்டியில் மிகப் பிடித்த கட்டடமும் அதுவே.

நியூட்டன் அறை எது? வாசலில் இருப்பது அதே ஆப்பிள் மரமா?

நியூட்டன் 1661-இல் மாணவராக வந்து, 1667-இல் ஃபெல்லோவாகி, 1696-இல் லண்டன் போகும்வரை இங்கேதான் இருந்தார். கிரேட் கேட்டுக்கும் தேவாலயத்துக்கும் நடுவே முதல் மாடியில் அவர் அறைகள். அதற்குக் கீழே வெளிப்புறத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு தோட்டம் இருந்தது. அந்த இடத்தில்தான் இப்போது ஆப்பிள் மரம் நிற்கிறது. அவர் ஊரான உல்ஸ்தோர்ப்பில் இருக்கும் பழைய மரத்தின் வழிவந்த ஒட்டுக்கன்று, நட்டது 1954-இல். ஆகவே 'அதே மரமா' என்றால் ஒருவகையில் ஆம். வகையின் பெயர் 'ஃபிளவர் ஆஃப் கென்ட்', சமையலுக்கு உரியது. பறித்துக் கடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். 2022 புயலில் நியூட்டன் மரம் விழுந்துவிட்டது என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். அது பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் இருந்த உடன்பிறப்பு.

ரென் நூலகத்தில் அப்படி என்ன விசேஷம்?

கிரேட் கோர்ட்டைக் கடந்து, உணவு மண்டபத்தின் ஓரமாக மறுபுறம் இறங்கினால் நெவில்ஸ் கோர்ட். மாஸ்டர் நெவில் சொந்தப் பணத்தில் கட்டியது. முதலில் மூன்று பக்கம்தான் கட்டடம். நான்காவது பக்கம், ஆற்றங்கரை, திறந்து கிடந்தது. அதை அடைக்க வந்ததுதான் நூலகம்.

ஐசக் பேரோ என்ற மாஸ்டர், ஆக்ஸ்போர்டில் இருப்பதுபோல ஒரு பெரிய மன்றம் கட்டவேண்டும் என்று பல்கலைக்கழகத்தை வற்புறுத்தினாராம். செலவுக்கு அஞ்சி மற்றவர்கள் பின்வாங்கவே, "என் கல்லூரிக்குள்ளேயே அதைவிடச் சிறப்பாக ஒன்று கட்டிக்காட்டுகிறேன்" என்று கிளம்பினார் என்பது கதை. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் ரென், காசு வாங்காமல் வரைந்துகொடுத்தார். 1676-இல் தொடங்கி 1695-இல் முடிந்தது.

இப்போது முற்றத்தில் நின்று பாருங்கள். கீழே வளைவுகள் கொண்ட தாழ்வாரம். மேலே பெரிய சன்னல்கள். மேல்தளத்தின் தரை எங்கே இருக்கும் என்று கேட்டால், எல்லாரும் வளைவுகளுக்கு மேலே ஓடும் பட்டையைக் காட்டுவார்கள். தவறு. தரை அதற்கும் கீழே, வளைவுகள் தூணிலிருந்து பிரியும் மட்டத்தில் இருக்கிறது. வளைவின் மேற்பாதியைக் கவனியுங்கள். கல்லால் அடைத்துச் சிற்பவேலை செய்திருக்கும். அந்த அடைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது நூலகத் தரை.

எதற்கு இந்த வித்தை? புத்தக அலமாரிகள் உயரமாக வேண்டும். அலமாரிக்கு மேலே சன்னல் வேண்டும். வெளியே பார்த்தால் இரு தளங்களும் பக்கத்துக் கட்டடங்களோடு பொருந்தவும் வேண்டும். தரையைத் தாழ்த்தியதால் மூன்றும் ஒரே வீச்சில் கிடைத்தன. உள்ளே போனால் தலைக்கு மேலிருந்து வெளிச்சம் கொட்டும். புத்தகத்தின் மேல் நேர்வெயில் படாது. முகப்பும் உள்ளும் ஒன்றையொன்று ஏமாற்றிக்கொண்டே இருவருக்கும் நன்மை செய்கின்றன. கட்டடத்தில் இப்படியொரு சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அலமாரிகளின் முனையில் கிரின்லிங் கிப்பன்ஸ் லைம் மரத்தில் செதுக்கிய பூக்களும் பழங்களும் இருக்கின்றன, காகிதம்போல் மெல்லியவை. தென்கோடியில் வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று: மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் நியூட்டனை அழைத்துவந்து நிறுத்துகிறார்கள், பக்கத்தில் ஃபிரான்சிஸ் பேக்கன். பேக்கன் இறந்தது 1626-இல், நியூட்டன் 1727-இல், மன்னர் பிறந்ததே 1738-இல். காந்தியும் பாரதியும் வள்ளுவரும் சேர்ந்து ஆசி வழங்கும் சிவகாசிக் காலண்டரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அங்கே ராமானுஜன் கையெழுத்துப் பிரதி இருக்கிறதாமே?

இருக்கிறது. அவர் கடைசி ஆண்டில், சென்னையில் படுத்த படுக்கையாக இருந்து எழுதிய தாள்கள். ராமானுஜனை இங்கே வரவழைத்த கணித அறிஞர் ஹார்டிக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் அவற்றை அனுப்பியது. அவரிடமிருந்து வாட்சன் என்ற கணித அறிஞரிடம் போனது. 1965-இல் வாட்சன் இறந்தபின் அவர் வீட்டுக் காகிதக் குவியலிலிருந்து மீண்டு, 1968-இல் ரென் நூலகத்துக்கு வந்து, ஒரு பெட்டியில் அமைதியாக இருந்தது. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் பெட்டியைத் திறந்தபோதுதான் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் வெளியே தெரியவந்தன. 'தொலைந்த குறிப்பேடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நூலகத்தில் பத்திரமாக இருந்ததைத் தொலைந்தது என்பதா என்று என் மாமனார் கேட்டார். நியாயமான கேள்வி.

நியூட்டன் தம் கையால் திருத்தங்கள் எழுதிய 'பிரின்சிபியா' நூலின் சொந்தப் பிரதி, மில்டனின் கையெழுத்துக் கவிதைகள், விட்கென்ஸ்டைனின் குறிப்பேடுகள் ஆகியவையும் இங்கே உள்ளன. எது எப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் என்பது மாறும்.

நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சிலை யார்?

கவிஞர் பைரன். டென்மார்க் சிற்பி தோர்வால்சன் வடித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைக்கத்தான் செய்தார்கள். பைரனின் நடத்தை தேவாலயத்துக்கு ஒவ்வாது என்று மறுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த சிலையை 1840களில் டிரினிட்டி ஏற்றுக்கொண்டது. அந்த நடத்தைக்கு ஒரு மாதிரி: நாய் வளர்க்கக் கூடாது என்று கல்லூரி விதி இருந்ததால், மாணவர் பைரன் கரடி வளர்த்தார்.

உணவு மண்டபம், தேவாலயம்?

மண்டபம் 1605-ஐ ஒட்டியது. லண்டனில் வழக்கறிஞர்களின் மிடில் டெம்பிள் மண்டபத்தைப் பார்த்துக் கட்டியது. மரச் சட்டங்கள் கைநீட்டித் தாங்கும் கூரையை அண்ணாந்து பாருங்கள். மேடைமேல் ஃபெல்லோக்களின் 'ஹை டேபிள்', அதற்குமேல் இடுப்பில் கைவைத்த எட்டாம் ஹென்றி ஓவியம். இன்று சைவ உணவு தாராளமாகக் கிடைக்கிறது.

தேவாலயத்தைத் தொடங்கியது கத்தோலிக்க அரசி மேரி, 1567-இல் முடித்தது சீர்திருத்த அரசி எலிசபெத். அக்காவும் தங்கையும் மதத்துக்காக எதிரெதிரே நின்றவர்கள் என்பதை நினைத்தால் கட்டடம் சுவாரசியம். இல்லாவிட்டால் நீளமான ஓர் அறை. முன்கூடத்தில் கையில் முப்பட்டகத்துடன் நிற்கும் நியூட்டன் சிலையை மட்டும் தவறவிடாதீர்கள். ரூபிலியாக் 1755-இல் வடித்தது.

ஆற்றுப்பக்கம் போகலாமா?

போகலாம், போகவேண்டும். 1820களில் வில்லியம் வில்கின்ஸ் கட்டிய நியூ கோர்ட்டைத் தாண்டினால் (200 ஆண்டாகியும் 'நியூ'தான்) கேம் ஆறு. 1765-இல் ஜேம்ஸ் எசெக்ஸ் கட்டிய மூன்று வளைவுப் பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் ரென் நூலகத்தின் பின்முகம் தெரியும். முற்றத்துப் பக்கம் இருக்கும் அலங்காரம் இந்தப் பக்கம் இல்லை. பாலத்துக்கு அப்பால் லைம் மரச்சாலையும் புல்வெளியும். கல்லூரிகளின் பின்புறமான இந்த ஆற்றோரத்துக்கு 'பேக்ஸ்' என்றே பெயர். தட்டைப் படகை நீண்ட கழியால் உந்தி ஓட்டுவதைப் பார்த்தால் எளிதாகத் தெரியும். கழி சேற்றில் சிக்கினால் விட்டுவிடுங்கள். கழியோடு தங்கிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் உலகப் போரில் இது மருத்துவமனையாக இருந்ததா?

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் நெவில்ஸ் கோர்ட் தாழ்வாரங்களில் கட்டில்களைப் போட்டார்கள். ரென் நூலகத்துக்குக் கீழே, திறந்த காற்றில், காயம்பட்ட சிப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ராமானுஜன் வந்து நான்கு மாதமே ஆகியிருந்தது.

கல்லூரித் தலைவராக ஓர் இந்தியர் இருந்தாராமே?

அமர்த்தியா சென், 1998 முதல் 2004 வரை. டிரினிட்டி மாஸ்டரை நியமிப்பது அரச ஆணை. புதியவர் வரும் நாளில் கிரேட் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அவர் கதவைத் தட்டி, நியமன ஓலையைத் தலைமைப் போர்ட்டரிடம் நீட்டவேண்டும். அது உள்ளே போய் ஃபெல்லோக்கள் சரிபார்த்தபின்தான் கதவு திறக்கும். 2019-இல் அப்படித் தட்டியவர் சாலி டேவிஸ், இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மாணவியரை இளநிலைப் படிப்பில் சேர்த்ததே 1978-இல்தான். 432 ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேரு, கவிஞர் இக்பால், ராஜீவ் காந்தி ஆகியோர் இங்கே படித்தவர்கள். ராஜீவ் பட்டம் பெறாமல் போனார். வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் 1930-இல் வந்து, 1933-இல் ஃபெல்லோவானார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் இங்கே ஃபெல்லோ. அவர்கள் இருவரும் புல்லில் நடந்தார்களா என்று கேட்காதீர்கள்.

இத்தனையையும் பராமரிக்கப் பணம்?

நிலம். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் இதுவே மிகப் பணக்காரக் கல்லூரி. 1933-இல் ஃபீலிக்ஸ்டோ அருகே வாங்கிய நிலத்தில்தான் பின்னர் பிரிட்டனின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகம் வளர்ந்தது. 1970-இல் ஊரின் வடக்கே அறிவியல் பூங்கா தொடங்கியதும் டிரினிட்டியே.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

முதலில் கல்லூரி இணையதளத்தைப் பாருங்கள். தேர்வுக் காலத்தில் பல பகுதிகளை மூடிவிடுவார்கள். ரென் நூலகம் பொதுமக்களுக்குச் சில மணி நேரமே திறந்திருக்கும். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கிரேட் கோர்ட்டில் இருப்பதுபோல் வாருங்கள். மணியை எண்ணி முடித்துவிட்டு நேராக நெவில்ஸ் கோர்ட்டுக்குப் போய், வடக்குத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் நில்லுங்கள். ஒலியின் வேகத்தை அளக்க நியூட்டன் தேர்ந்தெடுத்த இடம் அது. தரையை உதைத்து ஓசை எழுப்பி, மறுகோடிச் சுவரில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை ஊசலால் கணக்கிட்டார். நீங்களும் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஒருமுறை மட்டும், மேலே அறைகளில் யாராவது படித்துக்கொண்டிருப்பார்கள்.